மூன்று நாள் சோறு

மகளுக்கும், அவளோடு இந்த மாதம் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி கதைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். தூங்கவில்லை. உங்களில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "சனம் வருது, கையை நீட்டுது, இரத்தம் எடுக்கிறம், அடுத்த ஆள். இதில யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

சொன்னது யார் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்தேன். என் மனைவி, "என்னப்பா, ரயிலைத் தவறவிட்ட ஆள் மாதிரி நடக்கிறியள்?" என்று கேட்டாள். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் தவறியவன். ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் வெள்ளவத்தைக் கிளையில் இரத்தம் எடுப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் முறையாகப் படித்து வந்திருக்கிறீர்கள். நரம்பை எப்படிப் பிடிப்பது, எந்த நிற மூடிக் குழாயில் எதை எடுப்பது என்பதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. ஊசி ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்கள் கிளை காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. விடியும் முன்னரே படிக்கட்டில் ஆட்கள் நிற்பார்கள். எல்லாருக்கும் வெறும் வயிறு. கீழே சைவக்கடையில் வடை பொரிக்கும் மணம் படியேறி வரும். பசித்த சனத்தைப் போல அவசரப்படும் சனம் வேறில்லை. "தம்பி, எனக்குப் பிறகு வந்தவ உள்ள போயிட்டா," "மகன், தலை சுத்துது, கெதியா எடுத்துவிடுமன்" என்று நாலு பக்கத்தாலும் குரல் வரும். அந்த அவசரம் எங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அப்போதுதான் கையை மட்டும் பார்க்கத் தொடங்குவோம்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எங்களிடம் தவறாமல் வருவார். வெறும் வயிற்றுச் சீனி அவருக்கு எப்போதும் அழகாக இருக்கும். வைத்தியர் மகிழ்ந்து மாத்திரையைக் குறைத்தார். பிறகு இன்னும் குறைத்தார். ஒருநாள் மனிதரை மயங்கிய நிலையில் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். சீனி எங்கேயோ ஏறி நின்றது. தேறி வந்த பிறகு என்னிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "சோதினைக்குப் படிச்ச மாதிரித்தான் தம்பி. இஞ்ச வாறதுக்கு முதல் கொஞ்ச நாள் குரக்கன் கஞ்சி மட்டும்தான். சோதினை முடிஞ்சால் புத்தகத்தை மூடுறதுதானே?"

குழாய்க்குள் வருவது ஆளுடைய வருத்தம் மட்டுமல்ல, அவருடைய கடைசிச் சில நாட்களும்தான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அதன் பிறகு சீனிப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். மூன்று நாளாக என்ன சாப்பிட்டீர்கள்? எல்லா நாளும் கேட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். கூட்டம் கூடினால் மறந்துவிடும். இனிச் சொல்லப்போகும் நாளில் மறக்கவில்லை. அவ்வளவுதான்.

அது கந்தசஷ்டிக் காலம். உங்களில் ஒருவர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற பிள்ளை என்பதால் சொல்கிறேன், சஷ்டி என்பது முருகனுக்காக ஆறு நாள் பிடிக்கும் விரதம். சிலர் ஒருநேரம் சாப்பிடுவார்கள். சிலர் பால் பழம். கடுமையாகப் பிடிப்பவர்கள் மிளகும் தண்ணீரும் மட்டும்தான். ஏழாம் நாள் காலையில் பாரணை, அதாவது விரதத்தை முடித்துச் சாப்பிடுவது. அந்த நாட்களில் எங்கள் கிளையில் வழமையை விடக் கூட்டம். "எப்பிடியும் வெறும் வயிறுதானே, அப்பிடியே இரத்தத்தையும் குடுத்திட்டுப் போவம்" என்று படியேறுவார்கள். கோயிலுக்கும் எங்களுக்கும் ஒரே பட்டினியில் இரண்டு அலுவல்.

நாலாம் நாள் காலையில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் வந்தார்கள். முன்னால் வந்த வசந்தி அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு. ஒரு கம்பனியில் கணக்காளராக இருந்தவர். சீனி வருத்தம் இளம் வயதிலேயே வந்து, அதன் பின்னால் பிரஷர் வந்து, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருவார். அதற்காகக் கழுத்தில் ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

பின்னால் வந்தவரைப் பார்த்ததும் நான் குழம்பிப்போனேன். அதே நெற்றி, அதே மூக்கு, அதே கோணல் பல். நோய் தொடாத ஒரு வசந்தி அக்கா படியேறி வருவது போலிருந்தது.

"வாயை மூடுங்கோ அண்ணை, இலையான் போகப்போகுது," என்றார் வசந்தி அக்கா. "இவள் கௌரி, என்ரை தங்கச்சி. ரெண்டு பேரும் ஒண்டாப் பிறந்தனாங்கள். நான் கொஞ்சம் முந்தி வந்திட்டன். அதை வைச்சு என்னைக் கிழவி எண்டுறவள்."

"கிழவிதானே," என்றார் கௌரி அக்கா.

கௌரி அக்காவின் வீடு கொட்டாஞ்சேனையில். கணவரோடு சேர்ந்து புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். சஷ்டிக்காக அக்கா வீட்டில் வந்து நின்றார். மூன்றாவது ஆள் வசந்தி அக்காவின் கணவர். அவர் ஒரு கதிரையிலும் இருக்கவில்லை. கூண்டுக்குள் விட்டது போல மேசைக்கும் வாசலுக்கும் நடந்தார்.

விஷயம் இதுதான். கௌரி அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை அக்காவுக்குக் கொடுக்கப்போகிறார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் அச்சொட்டாகப் பொருந்தியது. ஆனால் அதே காரணத்தால் வைத்தியர்களுக்கு ஒரு பயமும் இருந்தது. ஒரே மரபணு என்றால் ஒருவருக்கு வந்த சீனி வருத்தம் மற்றவருக்குள்ளும் ஒளிந்திருக்கலாம். அப்படி இருந்தால் அவரிடமிருந்து எடுக்கக்கூடாது. அதனால் கடைசியாக ஒரு பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒரு தரம் இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம் எடுப்பது. அடுத்த கிழமை வைத்தியர்கள் கூடி முடிவெடுக்கப்போகிறார்கள். அதற்குள் முடிவு போகாவிட்டால் அடுத்த கூட்டம் அடுத்த மாதம். வசந்தி அக்கா ஏற்கனவே கழுத்துக் குழாயில் கிருமி தொற்றிச் சாவின் விளிம்பு வரை போய் வந்தவர். இன்னொரு மாதம் என்ற சொல்லை அந்த மூவரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கௌரி அக்கா கையை நீட்டினார். பட்டியைக் கட்டினேன். வசந்தி அக்காவுக்கு எங்கே நரம்பு இருக்குமோ அதே இடத்தில் இவருக்கும் இருந்தது. பார்க்காமலே விரல் போய் நின்றது. குனிந்தபோது அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சில் ஒரு மணம். அளவுக்கு மீறிக் கனிந்த பழம் மாதிரி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி. கை குளிர்ந்து போயிருந்தது.

"மூண்டு நாளா என்ன சாப்பிட்டனீங்கள் அக்கா?"

"சஷ்டி எல்லோ அண்ணை. மிளகும் தண்ணியும்தான்."

"முதல் நாள்ல இருந்தேவா?"

"ஓம். இந்த முறை இவளுக்காக நேந்து பிடிக்கிறன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதோட அண்ணை, சோறு திண்டால்தானே சீனி ஏறும்? திண்ணாமல் வந்தால் நல்லா வரும்தானே. எப்பிடியும் இது நல்லா வரவேணும்," என்றார்.

"ஆஸ்பத்திரியில ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. வழமையாச் சாப்பிட்டிட்டு வாங்கோ எண்டு அந்த நேர்ஸ் பிள்ளை ரெண்டு தரம் சொன்னது. அது விரதம் பிடிக்காத பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்?"

ஊசி என் கையில் இருந்தது. உறையும் கழற்றியாகிவிட்டது.

இந்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் வழமையான சாப்பாடு வேண்டும் என்பது எங்களுக்கும் சொல்லித்தந்த விதிதான். ஏன் என்று மட்டும் எனக்குத் தெரியாது. பட்டினி கிடந்தால் சீனி குறைவாகத்தானே காட்டும், அது இந்த அக்காவுக்கு நல்லதுதானே, விட்டுவிடேன் என்று என் மனமே என்னோடு வாதாடியது. வெளியே படிக்கட்டில் யாரோ, "உள்ள என்ன, ஒப்பரேஷனே நடக்குது?" என்று கத்தினார்.

பட்டியை அவிழ்த்தேன்.

"என்ன தம்பி?" என்று வசந்தி அக்காவின் கணவர் ஓடி வந்தார். "நரம்பு கிடைக்கேல்லையோ?"

"நரம்பு கிடக்கு ஐயா. இண்டைக்கு எடுக்கிறது சரியோ எண்டு டொக்டரிட்ட ஒருக்காக் கேக்க வேணும்."

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? டொக்டரின்ரை துண்டு கிடக்கு, காசு கட்டியாச்சு, ஆள் இருக்குது. எடுமன்!"

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுக்கிறதோ? நான் எவ்வளவு காலமாப் பொறுக்கிறன் எண்டு உமக்குத் தெரியுமோ?"

கிளைப் பொறுப்பாளரும் எட்டிப்பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. வெளியே நிற்கும் கூட்டம் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டிய கூட்டம். "எடுத்து அனுப்புங்கோ. ரிசல்ட்டைப் பாத்து அங்க முடிவெடுக்கட்டும்," என்றார் மெல்ல.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எனக்குக் காரணமும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. எடுக்காத இரத்தத்தை நாளைக்கும் எடுக்கலாம், எடுத்து எழுதிய முடிவை ஒருவரும் திருப்பி உள்ளே போட முடியாது.

பொரளையில் இருந்த எங்கள் பிரதான ஆய்வுகூடத்துக்கு அழைத்தேன். அங்கே பொறுப்பாக இருந்த வைத்தியர் என் மகளை விடச் சற்று மூத்த ஒரு பெண். அவருடைய தொலைபேசி வேலையாக இருந்தது. திரும்ப அழைத்தேன். வேலையாகவே இருந்தது. ஐயா நடந்தார். நானும் நடக்கத் தொடங்கினேன். அந்தக் குறுகிய இடத்தில் இருவரும் எதிரெதிராக நடந்து ஒருமுறை தோளில் முட்டிக்கொண்டோம். "மன்னிக்க வேணும் ஐயா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் வைத்தியர் எடுத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "எடுத்திட்டீங்களா அங்கிள்?" என்றார். இல்லை என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "ஸ்பீக்கர்ல போடுங்கோ. நான் அன்ரியோட நேரா கதைக்கிறன்."

மேசையில் தொலைபேசியை வைத்தேன். நால்வரும் குனிந்து நின்றோம்.

"அன்ரி, உங்கட ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் மரபணு இருக்கு. அக்காவுக்கும் அதேதான். ஆனா உடம்பு எல்லாத்தையும் எந்த நேரமும் வாசிக்கிறதில்ல. என்ன சாப்பாடு வருதோ அதுக்கேத்த மாதிரிச் சிலதை வாசிச்சு வேலை வாங்கும், சிலதை மூடி வைக்கும். மூண்டு நாளா சோறு, பாண், ஒண்டும் வரேல்ல. சீனியை வாங்கி எரிக்கிற வேலை இப்ப தேவையில்ல எண்டு உடம்பு நினைச்சிட்டுது. கொழுப்பை எரிக்கிற வேலைக்கு மாறிட்டுது. அங்கிள் மணந்தது அதைத்தான். இப்ப திடீரெண்டு ஒரு பெரிய கப் குளுக்கோஸ் குடிச்சீங்கள் எண்டா..."

"பொறுங்கோ பிள்ளை," என்றார் கௌரி அக்கா. அவருடைய புருவம் சுருங்கியது. "கோர்ட் லீவு விட்ட நேரம் நான் சமையல்காரரை ஊருக்கு அனுப்பிடுவன். ஒராள்தான் நிற்பார். என்னென்ன சமைக்கிறது எண்டு சுவரில எல்லாம் எழுதிக் கிடக்கும், சமைக்கத்தான் ஆளில்லை. அந்த நேரம் ஒரு பஸ் சனம் வந்து இறங்கினால்?"

"எங்க நிப்பினம் அன்ரி?"

"றோட்டிலதான்."

"அந்த றோட்டுத்தான் உங்கட இரத்தம். சீனி உள்ள போக ஏலாம அங்கயே நிக்கும். நாங்க அளந்து பாத்திட்டு உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு எழுதிடக்கூடும். இல்லாத வருத்தத்தை."

கீழே ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப நான் பட்டினி கிடந்ததாலயே இவளுக்குக் குடுக்க ஏலாமல் போயிருக்கும்," என்றார் கௌரி அக்கா.

வந்ததிலிருந்து முதல் தடவையாக ஐயா ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, இன்னொண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ," என்றார் கௌரி அக்கா. "அவளுக்கு வந்தது எனக்கும் கட்டாயம் வருமோ?"

"வாறதுக்குச் சாத்தியம் நிறைய அன்ரி. பொய் சொல்ல மாட்டன். ஆனா ஒரே மரபணு எண்டதுக்காக ஒரே முடிவு எண்டில்ல. என்ன சாப்பிடுறம், எவ்வளவு நடக்கிறம், எப்பிடி நித்திரை கொள்ளுறம், அம்மாவிட வயித்தில ஆருக்கு எவ்வளவு கிடைச்சது, எல்லாம் சேந்துதான் எதை வாசிக்கிறது எண்டு உடம்பு பாக்கும். முழுக்கத் தெரியும் எண்டு நாங்களும் சொல்ல ஏலாது."

"நான் கதிரையில இருந்து ரோல்ஸும் சீனித் தேத்தண்ணியுமா உள்ள தள்ளினனான்," என்றார் வசந்தி அக்கா. "இவள் கடையில நாள் முழுக்க நிண்டு, மிஞ்சின சிவப்பரிசிச் சோறும் வல்லாரைச் சம்பலும் திண்டவள். மிச்சம் திண்டு தப்பிட்டாள்."

வைத்தியர் வழி சொன்னார். இன்றே சாப்பிடத் தொடங்க வேண்டும். ஒரேயடியாக அள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று நாளும் வழமை போல சோறு. ஏழாம் நாள் காலையில் வந்தால் முடிவு கூட்டத்துக்குப் போய்ச் சேரும்.

கௌரி அக்கா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "சஷ்டி முடியாமல் நான் வாயில ஒண்டும் வைக்க மாட்டன்."

"அன்ரி..."

"நேந்து பிடிச்சது பிள்ளை. இவளின்ரை உயிருக்காக. பாதியில முறிச்சால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு விளங்காது. சஷ்டி முடியட்டும். பிறகு மூண்டு நாள் சாப்பிட்டிட்டு வாறன்."

"அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிடும்," என்றார் ஐயா. அவருடைய குரலில் கோபம் போய்விட்டிருந்தது. அது இல்லாத குரல் இன்னும் மோசமாக இருந்தது.

நான் வாய் திறக்கவில்லை. சீனியைப் பற்றி வைத்தியர் சொல்லலாம், ஊசியைப் பற்றி நான் சொல்லலாம், நேர்த்தியைப் பற்றி இருவராலும் சொல்ல முடியாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் நாங்கள் கதைக்கத் தேவையில்லை.

வசந்தி அக்காதான் கதைத்தார். சத்தம் போடவில்லை. கழுத்துக் குழாய் இழுக்காதபடி உடம்பை முழுதாகத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்தார்.

"கௌரி, எனக்கு உன்ரை கிட்னிதான் வேணும். உன்ரை பட்டினி வேண்டாம். பட்டினி என்னட்ட நிறையக் கிடக்கு. தண்ணிகூட அளந்துதான் குடிக்கிறன். முருகனுக்கும் அது தெரியும். நீ ஏன் அவருக்குத் திரும்பத் திரும்ப ஒண்டையே குடுக்கிறாய்?"

கௌரி அக்காவின் கண்கள் நிறைந்து வழிந்தன. ஐயா எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்தார். கையில் கீழ்ச் சைவக்கடை இடியப்பப் பார்சல்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு வாங்கு இருந்தது. மூவரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். வரிசையில் நின்ற வெறும் வயிற்றுச் சனம் முழுதும் அந்தப் பார்சலைப் பார்த்தது. கௌரி அக்கா அதைப் பிரித்தார். தொடவில்லை.

"இடியப்பம் பச்சை மா," என்றார். "சொதியில தேங்காய்ப்பால் எங்க?"

"கடைக்காரி கதையை விடு. வாயைத் திற," என்று வசந்தி அக்கா ஒரு துண்டு பிய்த்துச் சொதியில் தோய்த்து நீட்டினார்.

"முருகா, கோவிக்காதையும்," என்றார் கௌரி அக்கா. "கோவிக்கிறதெண்டால் இவளோட கோவியும்." வாயைத் திறந்தார்.

சாப்பிட்டபடி அழுதார். வசந்தி அக்கா ஒவ்வொரு துண்டாகக் கொடுத்துவிட்டுச் சொதியைக் கிட்டப் பிடித்து முகர்ந்தார். தேங்காய்ப்பாலில் உள்ள பொட்டாசியம் பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "மணத்தில பொட்டாசியம் இல்லைத்தானே அண்ணை?"

ஏழாம் நாள் காலை. வெள்ளவத்தை முழுக்கப் பாரணை. கோயிலிலிருந்து வந்தவர்கள் திருநீறும் நிறைந்த வயிறுமாகப் போனார்கள். கௌரி அக்கா மட்டும், இரவுச் சோற்றுக்குப் பிறகு ஒன்றும் உண்ணாமல், எங்கள் மாடிக்கு வந்தார். கேட்காமலே ஒப்புவித்தார். "மூண்டு நாளும் ரெண்டு நேரம் சோறு, காலமை இடியப்பம் இல்லாட்டிப் பிட்டு. போதுமோ?" மூச்சில் அந்த மணம் இல்லை. கை சூடாக இருந்தது. முதல் இரத்தத்தை எடுத்தேன். குளுக்கோஸ் தண்ணீரை முகம் சுளித்துக்கொண்டு குடித்தார்.

பிறகு அந்த இரண்டு மணித்தியாலம். அவர் அசையாமல் இருக்க வேண்டும். அவர் மட்டும்தான் அசையாமல் இருந்தார். ஐயா நடந்தார். வசந்தி அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டி விரித்துச் சுருட்டினார். நான் மற்றவர்களுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருவர், "எனக்கு எடுக்கிறீரோ, சுவருக்கு எடுக்கிறீரோ?" என்று கேட்டார். இரண்டாவது இரத்தத்தையும் எடுத்து மோட்டார் சைக்கிளில் பொரளைக்கு அனுப்பினேன்.

பின்னேரம் வைத்தியர் என்னை அழைத்தார். "அங்கிள், எல்லைக்குள்ளதான். ஆனா கரையில."

மூவரும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தார்கள். முடிவை நாங்கள் வாயால் சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வைத்தியரின் அனுமதியோடு தொலைபேசியை ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கரையெண்டால் உள்ளயோ வெளியயோ பிள்ளை?" பதிலைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் நிறைய யோசித்தார்கள் என்று பிறகு அறிந்தேன். கரையில் நிற்பவரிடம் எடுப்பது சின்ன முடிவில்லை. நாளைக்கு இவருக்கும் சீனி வந்தால் மிச்சமிருப்பது ஒன்றுதான். அதை ஒளிக்காமல் கௌரி அக்காவிடம் சொன்னார்கள். சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், நடக்க வேண்டும், வாழ்நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அவர் ஓம் என்றார். கொடுத்தார்.

அன்று நாலாம் நாள் நான் எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்போதும் எல்லைக்குள்ளேயே வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். இந்த வேலையில் சரியாகச் செய்ததற்குச் சாட்சி இருக்காது. அந்தக் குழாய் நிரம்பவே இல்லை. சில நாட்களில் அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்தால் இன்னமும் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது. அந்த மணம் மூக்கில் படாமல் போயிருந்தால்? அவர் வாயைத் திறக்காமலே கையை நீட்டியிருந்தால்? "அடுத்த ஆள்" என்று நான் சொல்லியிருப்பேன்.

மரபணுவைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது கௌரி அக்காவின் கடை அளவுக்குத்தான். பிழை இருந்தால் மகள் திருத்தட்டும். பிறக்கும்போது எழுதி வந்தது எழுதினபடிதான். அதில் எதை வாசிப்பது என்பதில் மட்டும் ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்காமல் கையை மட்டும் பார்த்தால் நாங்கள் பாதி ஆளுக்குத்தான் ஊசி போடுகிறோம்.

அதன் பிறகு இரண்டு அக்காமாரும் சேர்ந்தே சோதனைக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற கிழமையும் வந்தார்கள். வசந்தி அக்காவின் கழுத்தில் குழாய் இல்லை, அது இருந்த தழும்பு மட்டும். கொழுத்து, நிறம் வந்து, இப்போது யார் யாரென்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு கைகளும் பக்கத்துப் பக்கமாக மேசையில் கிடந்தன. பட்டியைக் கட்டுவதற்கு முன் வழமையான கேள்வியைக் கேட்டேன்.

"சோறு, கீரை, பயறு. உந்தக் கேள்விக்கு என்னட்ட வேற பதில் இல்லை," என்றார் கௌரி அக்கா.

வசந்தி அக்கா கொஞ்சம் இழுத்தார். "அதே தான் அண்ணை... நேற்று மட்டும் ஒரு ரோல்ஸ்."

"ஒண்டோ?"

"ரெண்டு."

கௌரி அக்கா என் பக்கம் திரும்பினார். "திண்டது அவள். உள்ளுக்க கிடந்து வேலை செய்யிறது என்ரை கிட்னி. அதையும் சேத்து எழுதுங்கோ அண்ணை."

எழுதினேன்.